உயிலுக்கு மஞ்சள் வைத்தவன்

என் மனைவி எழுதிவைத்த உயிலைப் பாழாக்கியது நான்தான். திருத்தவில்லை, ஒளித்துவைக்கவில்லை, கிழிக்கவில்லை. மஞ்சளைக் குழைத்து அதன் நான்கு மூலையிலும் வைத்தேன்.

மூட நம்பிக்கைகளைக் கிண்டலடித்து எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். பூனை குறுக்கே போனால், எதிரே வந்த என்னால் அந்தப் பூனைக்கு அன்று என்னென்ன கெடுதல் நேர்ந்திருக்கும் என்று நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட பகுத்தறிவாளன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொண்டாப்பூர் அடுக்ககத்தின் ஆறாவது மாடியில், சமையலறை மேடை முன்னால் நின்றுகொண்டு, அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய அசல் ஆவணத்துக்கு விரலால் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

மஞ்சள் வைப்பது எங்கள் வீட்டில் அவள் இலாகா. வீட்டுக்குள் நுழையும் எந்த முக்கியமான தாளும் அவள் மோதிர விரலுக்குத் தப்பியதில்லை. காரின் ஆர்.சி., கேஸ் புத்தகம், மகளின் ஹால் டிக்கெட் எல்லாவற்றுக்கும் நான்கு மூலையில் நான்கு துளி. பகலெல்லாம் மென்பொருளில் பிழை பிடிக்கிற வேலை பார்த்தவள், சாயங்காலம் வந்து வாஷிங் மெஷின் வாரண்டி அட்டைக்கு மஞ்சள் வைப்பாள்.

"இதுக்கு வச்சா மெஷினுக்கு ஆயுசு கெட்டியா?" என்பேன்.

"சிரிக்கிறதுக்கு வாய் போதும், வைக்கிறதுக்கு வெரல் வேணும். ஒங்களுக்கு வாய் மட்டுந்தான் குடுத்திருக்கான்," என்பாள்.

போன வருடம் அவள் இறந்தாள். படுத்து மூன்று வாரம்தான். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும்; நான் வரி பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் விட்டுப்போனவற்றில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் ஒரு வீடும் அடக்கம். கல்யாணமான புதிதில் அங்கே வேலைக்குப் போனவள், எனக்கு விசா வருவதற்குள் வீடே வாங்கிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது என் பங்குக்குச் செருப்பு வைக்க ஓர் இடம் காட்டினாள். ஏழு வருடம் அந்த வீட்டில் சட்டப்படி வேலை செய்யக்கூடாதவனாக வாழ்ந்தேன். எனக்கு இவ்வளவு பொருத்தமான சட்டம் அதற்கு முன்னும் பின்னும் வாய்க்கவில்லை. மகளுக்கு ஆறு வயதானபோது எல்லோரும் ஹைதராபாத்துக்கு வந்துவிட்டோம். வீடு அவள் பெயரிலேயே அங்கே நின்றது.

துக்கம் கேட்க வந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டதும் குரலை இறக்கிக்கொள்வார்கள். "வீடு அவங்க பேர்லயா இருக்கு?"

"ஆமா. நானே அவங்க பேர்லதான் இருந்தேன்," என்பேன்.

உயில் ஐந்து பக்கம். வீடு எனக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அம்மாள் உயிரோடு இருக்கும்வரை, இப்போது தரும் வாடகைக்கே அங்கே இருக்கலாம், யாரும் எழுப்பக்கூடாது.

அந்த அம்மாள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் குளிர்காலத்தில், ஹீட்டர் பழுதான வாடகை அறையில், இருக்கிற புடவையையெல்லாம் சுற்றிக்கொண்டு கிடந்த என் மனைவியைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு மாதம் வைத்துக்கொண்டவர். பனியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பிறகு கணவரின் நோய்க்குச் செலவழித்துச் செலவழித்து அவருடைய வீடு கையை விட்டுப் போனது. என் மனைவி கீழ்த்தளம் உள்ள வீடாகத் தேடி வாங்கியதே அவருக்காகத்தான். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. இப்போது அவருக்கு எண்பதை நெருங்குகிறது.

இனி வரி. குகட்பள்ளியில் ஒரு டிபன் சென்டருக்கு மேல் மாடியில் எங்கள் ஆடிட்டர் இருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். மூன்று மொழியில் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்.

"இங்க வாரிசு வரி இல்ல சார். அங்க இருக்கு. அந்த ஊர் குடிமகன் செத்தா அண்டாவுல விலக்கு குடுப்பான். நம்ம ஆளு செத்தா ஸ்பூன்ல குடுப்பான்."

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள வரி கிடையாதும்பாங்களே?"

"நக்கோ சார், அப்படி இல்ல. மிச்சம் இருக்கிறவர் அந்த ஊர்க்காரரா இருந்தாத்தான் அது. நீங்க கொண்டாப்பூர்க்காரர்."

"எத்தனை நாள் டைம்?"

"ஒன்பது மாசம். கேட்டா கொஞ்சம் நீட்டிப்பான். கைக்கு சார் டென்ஷன், எதுக்குக் கவலை? டீ சொல்றேன்."

ஒன்பது மாதம். பிள்ளை பெறுவதற்கும் செத்தவர் கணக்கை ஒப்படைப்பதற்கும் ஒரே அவகாசம் என்று வைத்தவன் யாரோ ரசனையுள்ள ஆள்தான். ஆனால் வரிக்கணக்கு கொடுப்பதற்கு முன்னால், வீடு யாருக்கு என்று அந்த ஊர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அசல் உயில் போகவேண்டும்.

முதலில் நகல் எடுக்கப் போனேன். ஐந்து பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. பின்னோடு வைத்தால் மெஷினில் சரியாக விழாது என்றார் கடைக்காரர். நகத்தால் நெம்பி எடுத்தேன். நகல் எடுத்து, வீட்டுக்கு வந்து, அதே இடத்தில் ஏறக்குறைய அதே மாதிரி வேறொரு பின் அடித்தேன். கூரியர் உறையைத் திறந்து வைத்துக்கொண்டபோதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டில் மஞ்சள் இல்லாத ஒரே தாள் அந்த உயில்தான். சாவு சம்பந்தப்பட்டதற்கு வைக்கக்கூடாது என்று விட்டாளோ, வைக்க நேரமில்லையோ, தெரியாது. வெறும் மூலைகளோடு அது அத்தனை தூரம் போவது எனக்கு என்னவோ பொறுக்கவில்லை.

அவள் மஞ்சளைக் கெட்டியாகக் குழைப்பாள் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு தண்ணீர் என்பது தெரியாது. நான் குழைத்தது ரசப் பதத்தில் இருந்தது. கையெழுத்துகள் இருந்த கடைசிப் பக்கத்தில் வைத்தேன்; மூன்று மூலை தப்பித்தது. நான்காவது மூலையில் வைத்த துளி, வைத்த இடத்தில் நிற்காமல் ஓடி, தேதியை நனைத்து, இரண்டாவது சாட்சியின் கையெழுத்துக்குள் புகுந்து நின்றது. டிஷ்யூவால் ஒற்றினேன். ஒற்றியதும் அது சாட்சி முழுவதும் பரவியது. மின்விசிறியில் காயவைத்து, கூரியரில் போட்டேன். மனம் லேசாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வாரத்தில் நீதிமன்றத்திலிருந்து பதில் வந்தது. ஒரே வரி: ஆவணத்தின் நிலை குறித்துப் பிரமாணத்துடன் விளக்கம் தேவை.

எங்களுக்காக அங்கே வாதாடும் வக்கீல் அம்மாள், மகள் வயதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பார், வீடியோவில் வந்தார். சாட்சிகள் இருவரும் உறுதி எழுதிக் கொடுத்துவிட்டதால் கையெழுத்தைப் பற்றிப் பயமில்லை. ஆனால் தாளில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் உயிலே நிற்காமல் போகலாம் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சமையலறையில் தற்செயலாக ஏதாவது சிந்தியிருக்குமா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நான் என்ன சொல்லவேண்டும் என்று சொல்வது தன் வேலையல்ல, ஆனாலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சமையலறைதானே என்றார். பரீட்சை ஹாலில் நல்ல மனசுள்ள வாத்தியார் விடைத்தாளின் பக்கத்தில் விரல் வைத்துவிட்டுப் போவாரே, அதே குரல்.

ஆடிட்டருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "ஹவ் சார், ஆமா, சாம்பார்னு எழுதிடுங்க. அமெரிக்காக்காரனுக்கு இப்ப சாம்பார் தெரியும்."

மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அங்கிள், சாம்பார் கரெக்டா நாலு மூலையிலயும் கொட்டுமா?"

அன்று சாயங்காலம் மச்சான் அங்கிருந்து கூப்பிட்டான். மனைவியின் தம்பி. அந்த ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். கெட்டவன் இல்லை. அக்காவுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதவன். கண்ணைத் துடைத்ததும் கணக்குத் தெளிவாகத் தெரிகிற ஜாதி, அவ்வளவுதான்.

"அத்தான், இது நல்லதுக்குன்னு வச்சுக்கோங்களேன்."

"எதுடே நல்லது?"

"உயில் நிக்கலன்னா என்ன இப்போ? சட்டப்படி ஒங்களுக்கும் பாப்பாவுக்குந்தான வரப்போவுது? அந்தக் கீழ்வீட்டுக்காரம்மா கண்டிஷன் மட்டுந்தான் போவும். காலி வீடா ஒரே மாசத்துல வித்துத் தாரேன். வரியக் கட்டிட்டு நிம்மதியா இருங்க. கண்டிஷனோட இருந்தா எவன் வாங்குவான்? வரிய எங்கேருந்து கட்டுவீங்க?"

"ஒங்க அக்கா எழுதினது?"

"அக்கா நல்ல மனசுல எழுதிட்டா. அவளுக்கு இந்த வரி வெவகாரம்லாம் தெரியாதுல்லா."

"ஒங்க அக்காவுக்குத் தெரியாதது இன்னொண்ணும் உண்டு மாப்ளே. நீ இவ்வளவு வெவரமானவன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

அவன் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான். ஆனால் சொன்னது அத்தனையும் சரி; அதுதான் எனக்கு எரிச்சல். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே எனக்கு லாபம். மஞ்சளே எனக்குச் சாதகமாக வேலை செய்துகொண்டிருந்தது. நட்டம் ஒரே ஆளுக்குத்தான்: பேருந்து ஓட்டிய அந்த அம்மாளுக்கு. எண்பது வயதில் பெட்டி கட்டவேண்டும், நான் ரசம் மாதிரி மஞ்சள் குழைத்த காரணத்தால்.

ஆகவே விளக்கம் கொடுப்பது என்று முடிவாயிற்று. என்ன விளக்கம் என்பதுதான் கேள்வி. பொய் சொல்ல எனக்குக் கூச்சம் உண்டு என்று யாரும் நினைக்கவேண்டாம். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் பொய்யில்தான் வீட்டு வாடகையைக் கொடுக்கிறான். என் விஷயத்தில் அதையும் மனைவிதான் கொடுத்தாள். ஆனால் 'தற்செயலாக' என்ற அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. ஐம்பத்தாறு வயதுக்குள் நானாக மனமறிந்து செய்த ஒரே பூசை அது. அவள் செய்யாமல் விட்ட ஒன்றை அவளுக்காகச் செய்தேன், கேவலமாகச் செய்தேன், ஆனால் செய்தேன். அதைச் சாம்பார் என்று சத்தியம் செய்யச் சொன்னால் முடியாது. மஞ்சளை மஞ்சள் என்றே சொல்லித்தான் அந்த அம்மாளை அந்த வீட்டில் இருக்கவைப்பேன்; நீதிமன்றம் வேண்டுமானால் மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று மகளிடம் முழங்கினேன்.

"ஓகே அப்பா. ப்ரூஃப் ஏதி?" என்றாள். ஹைதராபாத்தில் பிறக்காவிட்டாலும் ஆறு வயதிலிருந்து வளர்ந்தது இங்கேதான். பதற்றமானால் பாதித் தெலுங்கு வந்துவிடும்.

ஆதாரத்துக்கா பஞ்சம்? ஸ்டீல் பீரோவிலிருந்து அவளுடைய ஃபைல்களையெல்லாம் இறக்கி ஹாலில் பரப்பினோம். இருபத்தைந்து வருடத்துத் தாள்கள். ஒவ்வொன்றிலும் நான்கு மூலை. புதியது பளிச்சென்று, பழையது பழுப்பாக. சிலவற்றில் ரேகையே தெரிந்தது. வாஷிங் மெஷின் வாரண்டி அட்டை கிடைத்தது; மெஷின் இன்னும் ஓடுகிறது என்பதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. மகள் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டை எடுத்து, மூலையிலிருந்த ரேகை மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி கேஸ் புத்தகத்தைப் படித்தேன்.

"அப்பா, இக்கட சூடு! இங்க பாரு!" என்றாள் திடீரென்று.

அந்த வீட்டின் பத்திரம். அந்த ஊர்ப் பதிவு அலுவலகம் தன் ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த நகல், கறுப்பு வெள்ளையில். முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் நான்கு சாம்பல் நிறப் பொட்டுகள். அதாவது, பதிவாவதற்கு முன்பே மூலத்தில் வைத்திருக்கிறாள். அந்த ஊர் அரசாங்கமே அவள் மஞ்சளை முத்திரை குத்தி ஏட்டில் ஏற்றி வைத்திருக்கிறது!

கீழ்வீட்டு அம்மாளை அழைத்தோம். பத்திரத்தில் கையெழுத்தானபோது அவர் கூட இருந்தாராம். எல்லோரும் பேனாவோடு காத்திருக்க, என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்து நான்கு மூலையிலும் வைத்தாளாம். வங்கிக்காரர், கடுகு சாஸா என்று கேட்டாராம். இன்சூரன்ஸ் என்றாளாம். மிச்சம் விரலில் இருந்ததை அவருடைய புறங்கையில் தடவிவிட்டாளாம். "மூன்று நாள் போகவில்லை. நான் தேய்த்துக் கழுவவும் இல்லை," என்றார். பிறகு, "எனக்காக நீங்கள் அவஸ்தைப்படவேண்டாம். என் மருமகள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது," என்றார். அந்த மருமகளைப் பற்றி என் மனைவி சொல்லியிருக்கிறாள். நான் அவஸ்தைப்படுவதாகவே முடிவு செய்தேன்.

பிரமாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எந்தக் கட்டுரைக்கும் இவ்வளவு பாடுபட்டதில்லை. மஞ்சள் என்றால் என்ன, மூலை ஏன் நான்கு, மோதிர விரல் ஏன், தண்ணீர் எவ்வளவு இருக்கவேண்டும், நான் எவ்வளவு ஊற்றினேன். பத்திரத்தின் நகல், பதினெட்டுக் குடும்ப ஆவணங்களின் வண்ண நகல்கள், கீழ்வீட்டு அம்மாளின் வாக்குமூலம். கடைசியாக ஒரு வெள்ளைத் தாளில் நானே நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, 'மாதிரி' என்று தலைப்பிட்டு இணைத்தேன். இந்தமுறை கெட்டியாகக் குழைத்தேன்; மகள் பக்கத்தில் நின்று தண்ணீரை அளந்தாள். மொத்தம் நாற்பது பக்கம். வக்கீல் அம்மாள் உரிச்சொற்களை மட்டும் வெட்டினார். சிந்தியதாக எழுதவில்லையே என்று ஒருமுறை பெருமூச்சு விட்டதோடு சரி.

ஆடிட்டர் முழுதும் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். பின் கழட்டினதையும் ஒரு லைன் போட்டுடுங்க."

"பின்னா? எந்தப் பின்?"

"ஸ்டேப்ளர் பின் சார். உயில் நகல்லயே பழைய ஓட்டை தெரியுது பாருங்க. நிலைன்னுதானே கேட்டிருக்கான்?"

ஒரு மனுஷன் தன் வாழ்க்கையின் ஒரே பூசையை உலகத்தின் முன்னால் நியாயப்படுத்திக்கொண்டிருக்கும்போது இவர் பின்னைப் பற்றிப் பேசுகிறார். அவர் மனம் நோகக்கூடாதே என்று பதினோராவது பத்தியாக ஒரு வரி நுழைத்தேன்: நகல் எடுப்பதற்காக ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி வேறு பின் அடித்தது நான்தான், பக்கங்கள் எதுவும் மாற்றப்படவில்லை.

நோட்டரி, ஆடிட்டர் வீட்டுத் தெருவிலேயே ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். தெலுங்குக்காரர். முதல் நான்கு பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "பசுப்பா சார்?" என்றார். மஞ்சள்தானே என்று அர்த்தம். "அதுக்கா இத்தனை காகிதம்? அவங்க ஊர்ல பேப்பருக்கு மஞ்சள் வைக்கமாட்டாங்களா?" இல்லை என்றேன். அவர்கள் மேல் மிகவும் பரிதாபப்பட்டு, ஒவ்வொரு பக்கமாக முத்திரை குத்தினார். குத்தி முடித்து, முத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னாலிருந்த குங்குமத் தட்டில் விரலைத் தோய்த்து, என் பிரமாணப் பத்திரத்தின் முதல் பக்கத்தை நோக்கிக் கொண்டுவந்தார்.

"வத்து! வத்து சார்! வேண்டாம்!" என்று நான் போட்ட கூச்சலில் ஜெராக்ஸ் கடைக்காரர் எழுந்தே விட்டார். நாற்பது பக்கத்துக்கு மஞ்சளின் மாண்பை எழுதியவன், ஒரு துளிக் குங்குமத்தைக் கண்டு அலறினேன்.

நோட்டரியின் விரல் அப்படியே நின்றது. "மங்களகரம் சார்," என்றார், நிஜமாகவே புண்பட்டு. என்னிடமிருந்த நகலை நீட்டினேன். அதற்கு வைத்தார். பிறகு, மனம் ஆறாமல், என் நெற்றியிலும் ஒன்று வைத்தார். துடைக்கவில்லை. அப்படியே ஆட்டோவில் கொண்டாப்பூர் வந்தேன்.

அதன்பிறகு ஏழு வாரம். இடையில் வரிக்கணக்குக்கு அவகாசம் கேட்டு நீட்டித்தோம். வரியைக் கட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிருந்த வைப்புநிதியை உடைத்தேன். வயதான காலத்துக்கு என்று அவள் போட்டுவைத்தது. வயதாகும்போது பார்த்துக்கொள்ளலாம். மச்சானுக்கும் செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. அதுவும் கொஞ்சம் தாமதமாக.

ஒரு சாயங்காலம் வக்கீல் அம்மாள் வீடியோவில் வந்தார். அவருக்குக் காலை, கையில் காபி. உயில் ஏற்கப்பட்டது. நிபந்தனை உள்பட, ஒரு சொல் குறையாமல். கீழ்வீட்டு அம்மாளுக்கு அவரே சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் உடனே, வாசற்படியில் உப்புப் போட ஆள் அனுப்பச் சொன்னாராம், பனி ஆரம்பித்துவிட்டது என்று. குடியிருக்கப்போகிறவர் பேச்சு அது. மகள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, பார்த்தியா, வெரலும் இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எப்போது விடத் தெரிந்திருக்கிறது? முதுகை நிமிர்த்திக்கொண்டு, மஞ்சளைப் பற்றி நீதிமன்றத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இணைப்பில் வைத்த மாதிரித் தாளை யாராவது முகர்ந்து பார்த்திருப்பார்கள் என்று ஓர் ஆசை.

வக்கீல் அம்மாள் காபியை வைத்தார். உயில்களை வாங்கிப் பார்க்கும் அலுவலரிடம் தானும் அதையே கேட்டதாகச் சொன்னார். அந்த அலுவலர் சொன்னாராம்:

"மஞ்சளா? அது யாருக்கு வேண்டும், வாரத்துக்கு நாலு உயில் காபி கொட்டித்தான் வருகிறது. அந்த ஸ்டேப்ளர் பின்னை யார் கழற்றியது என்றுதான் கேட்டோம். நல்லவேளை, பதினோராவது பத்தியில் இருந்தது."